பேட்ச் என்பதை எல்லா இடத்திலும் ‘தொகுதி’ என்று போடலாமா?

#1 மொழிப்பூச்சி

ஒரு தொழிற்சாலை மென்பொருளின் கையேட்டைத் தமிழில் கொண்டுவரும் வேலையில் இருக்கிறேன். இருநூறு பக்கம். பேட்ச் (batch) என்ற சொல் வராத பக்கம் குறைவு. கையில் கொடுத்த சொற்பட்டியல் ஒரே வரியில் முடித்துவிடுகிறது: பேட்ச் = தொகுதி. நானும் கண்ணை மூடிக்கொண்டு அப்படியே போட்டு வந்தேன். நேற்று இந்த வாக்கியத்தில் வண்டி நின்றுவிட்டது:

“தொகுதி 1182-இன் பரிசோதனை முடிவுகளைத் தொகுதி முறையில் ஏற்ற, கீழுள்ள தொகுதிக் கோப்பை இயக்கவும்.”

முதல் தொகுதி ஒரு கலத்தில் தயாரான மருந்து. இரண்டாவது, ஒவ்வொன்றாக இல்லாமல் மொத்தமாக ஏற்றுவது. மூன்றாவது, கட்டளைகள் எழுதிய ஒரு கோப்பு. படிப்பவருக்குத் தேர்தல் அறிவிப்பு போலத்தான் இருக்கும்.

பேட்ச் என்றே விட்டுவிடலாம் என்றால் அதிலும் வம்பு. தமிழில் எழுதினால் ஓட்டையை அடைக்கிற பேட்சும் (patch) இந்த பேட்சும் ஒன்றுதான். வேலைக்குச் சேர்ந்த புதிதில் மேலாளர் “சர்வரில் பேட்ச் போட்டாச்சா?” என்று செய்தி அனுப்பினார். ராத்திரி ஓட வேண்டிய வேலையைக் கேட்கிறார் என்று நினைத்து, “ஆச்சு, ரெண்டு மணிக்கே முடிஞ்சது” என்றேன். அவர் கேட்டது பாதுகாப்பு ஒட்டு. மூன்று வாரம் அந்த சர்வர் ஓட்டையோடு கிடந்தது.

சரி, கேள்விக்கு வருகிறேன். வெவ்வேறு துறையில் இருப்பவர்கள் பேட்ச் என்னும்போது எதைச் சொல்கிறீர்கள்? அடியில் ஒரே பொருள் ஓடுகிறதா, இல்லை பெயர்தான் ஒன்றா?

#2 நள்ளிரவு ஷிப்ட்

கணினிப் பக்கத்தை நான் சொல்கிறேன். பதினைந்து வருடமாக ராத்திரி ஓடும் வேலைகளுக்குக் காவல் இருப்பவன்.

எங்களுக்கு பேட்ச் என்றால் நடுவில் ஆள் கிடையாது. பொத்தானை அழுத்தி, பதில் வந்ததும் அடுத்ததை அழுத்தினால் அது உரையாடல். வேலையை எல்லாம் வரிசையில் போட்டுவிட்டுப் படுக்கப் போனால் பேட்ச்.

இது சிக்கனத்தில் பிறந்த பழக்கம். 1950களில் ஒருவர் கணினியில் தனக்கு நேரம் குறித்து வாங்கி, நிரலைத் துளையிட்டு எழுதிய அட்டைக்கட்டை ஏற்றி, காந்த நாடாவை மாட்டி, ஓட்டி, எல்லாவற்றையும் இறக்குவார். கணக்கு ஓடும் நேரத்தைவிட மாட்டிக் கழற்றும் நேரம் அதிகம். அதுவரை அவ்வளவு பெரிய இயந்திரம் சும்மா நிற்கும். அதனால் பலருடைய வேலைகளை ஒரே நாடாவில் சேர்த்து, ஒன்று முடிந்ததும் அடுத்ததை இயந்திரமே எடுத்துக்கொள்ளும்படி செய்தார்கள். 1956-ல் ஜெனரல் மோட்டார்ஸும் நார்த் அமெரிக்கன் ஏவியேஷனும் ஐபிஎம் 704 கணினிக்காக எழுதிய நிரல் இதைத்தான் செய்தது. முதல் இயங்குதளம் என்று பலரும் அதைத்தான் காட்டுவார்கள். அந்தக் காலத்து ஆட்கள் அட்டைக்கட்டின் மேல்விளிம்பில் குறுக்காக ஒரு கோடு இழுத்து வைப்பார்களாம். கைதவறிக் கொட்டினால், கோடு ஒழுங்காகும்வரை அடுக்கினால் போதும். கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், சொல்லாமல் இருக்க முடியவில்லை.

உங்கள் வாக்கியத்தின் மூன்றாவது ‘தொகுதி’, அதாவது விண்டோஸுக்கு முந்தைய டாஸ் காலத்து பேட் (.bat) கோப்பு, இந்தப் பரம்பரையின் கடைக்குட்டி. ஆள் தட்ட வேண்டிய கட்டளைகளை முன்கூட்டியே எழுதி வைத்த சீட்டு. அதற்குள் எதுவும் தொகுக்கப்படவில்லை. ‘கட்டளைக் கோப்பு’ என்று போட்டுவிடுங்கள், ஒரு சிக்கல் குறையும்.

#3 கலவைக்கலம்

மருந்து உற்பத்தியில் இருக்கிறேன். எங்களிடம் ஆள் இருக்கிறாரா இல்லையா என்பது பேச்சே இல்லை. ஒரு பேட்சைச் சுற்றி எட்டுப் பேர் நிற்பார்கள், ஒவ்வொருவரும் கையெழுத்துப் போடுவார்கள்.

எங்கள் பேட்ச் சட்டத்தில் வரையறுத்த சொல். அமெரிக்க மருந்து உற்பத்தி விதிகளில் இருப்பதன் சாரம் இது: ஒரே உற்பத்தி ஆணையின்படி, ஒரே உற்பத்திச் சுற்றில் தயாரான, குறித்த எல்லைக்குள் ஒரே தன்மையும் தரமும் இருக்க வேண்டிய ஒரு குறிப்பிட்ட அளவு. லாட் என்பது அந்த முழு பேட்சாகவும் இருக்கலாம், அதிலிருந்து தனியாக அடையாளம் காட்டக்கூடிய ஒரு பகுதியாகவும் இருக்கலாம். ஒரு பேட்ச் தூளை இரண்டு நாள் மாத்திரையாக அடித்தால் இரண்டு லாட் வரலாம். கையேட்டில் இரண்டுக்கும் ஒரே சொல் போட்டுவிடாதீர்கள். தணிக்கைக்கு வருபவர் முதலில் அங்கேதான் விரல் வைப்பார்.

வரையறையில் உயிர் இருக்கும் இடம் ‘ஒரே தன்மை’. தமிழில் இதற்கு ஏற்கெனவே வரையறை இருக்கிறது: ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம். எந்த அளவுக்கு அந்தப் பழமொழி செல்லுமோ அந்த அளவு ஒரு பேட்ச். பத்து லட்சம் மாத்திரையில் சில நூறைத்தான் உடைத்துப் பார்க்கிறோம். மீதிக்கும் அதே முடிவு என்று தைரியமாகச் சொல்ல, எல்லாம் ஒரே பானையில் வெந்திருக்க வேண்டும்.

#4 ஏன்சாமி

அப்போ ஒரே மாதிரி இருக்கும் பொருள்களின் கூட்டம். அதைத்தானே தொகுதி என்கிறோம்? இதற்கு எதற்கு இழை?

#5 கலவைக்கலம்

ஒரே மாதிரி இருப்பதால் பேட்ச் ஆவதில்லை. ஒன்றாக உண்டானதால் ஒரே மாதிரி இருக்கும் என்று எதிர்பார்க்கிறோம். முன்பின் மாற்றிப் பிடிக்காதீர்கள். நேற்றைய மாத்திரையும் இன்றைய மாத்திரையும் எடையில், நிறத்தில், மருந்தளவில் இம்மி பிசகாமல் பொருந்தினாலும் அவை இரண்டு பேட்ச்தான். ஒரு டப்பாவில் கலந்து கொட்டிவிட்டால் ஒரு தொகுதி கிடைக்கும், ஒரு பேட்ச் கிடைக்காது. கிடைப்பது கழிவு.

எதிர்பார்ப்பு பொய்த்தால் என்ன ஆகும் என்பதற்கு 1955-ஐப் பாருங்கள். அமெரிக்காவில் போலியோ தடுப்பூசி போடத் தொடங்கிய புதிது. வைரஸை ஃபார்மால்டிஹைடு என்ற வேதிப்பொருளில் ஊறவைத்துச் செயலிழக்கச் செய்வார்கள். கட்டர் நிறுவனத்தில் தயாரான சில லாட்களில் வைரஸ் துகள்கள் கட்டிகட்டியாக ஒட்டியிருந்தன. கட்டிக்கு வெளியே இருந்தவை செத்தன, உள்ளே இருந்தவை பிழைத்தன. மாதிரிக்கு எடுத்த சிறு அளவு ‘பதம்’ என்றது, பானை அப்படி இல்லை. சுமார் 200 பேருக்குக் கைகால் செயலிழந்தது, 10 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகு தனியாக ஒரு லாட் தேறினால் போதாது, அடுத்தடுத்து வருபவையும் தேறியிருக்க வேண்டும் என்ற கண்டிப்பு வந்தது.

அந்தச் சோற்றுப் பழமொழியை நான் விளையாட்டாகச் சொல்லவில்லை.

#6 அடுப்புவாசல்

யாரும் அடுப்புப் பக்கமே வரவில்லையே! சொல்லே இங்கே பிறந்ததுதான். ஆங்கிலத்தில் ‘பேக்’ என்ற வினையில் இருந்து வந்த பெயர் ‘பேட்ச்’. முதலில் சுடுவது என்ற செயலுக்கே அந்தப் பெயர், பிறகு ஒரு தடவை சுட்டெடுத்த ரொட்டிக்கு. அட்டைக்கட்டும் மருந்துக்கலமும் எத்தனையோ நூற்றாண்டு கழித்து வந்து ஒட்டிக்கொண்டவை.

ரொட்டி சுடுவதே என் வேலை. ஒரே மாவு, ஒரே பிசைவு, ஒரே அடுப்பு. ஆனாலும் முதல் தட்டு பிஸ்கட்டும் இரண்டாவது தட்டும் ஒன்றாக இருக்காது. சூடான தட்டிலேயே அடுத்ததை வைத்தால், விளிம்பு இறுகும் முன்பே கொழுப்பு இளகிப் பரந்துவிடும். மெல்லிசாக, ஓரம் கருகி வரும். மாவுக் கணக்கில் அது ஒரு பேட்ச், அடுப்புக் கணக்கில் இரண்டு. நான் அடுப்பைத்தான் நம்புவேன்.

அளவை இரட்டிப்பாக்கினாலும் அது வேறு பேட்ச்தான். பெரிய மாவு உருண்டை தன் சூட்டைத் தக்கவைத்துக்கொள்ளும், புளிப்பு வேகமாக ஏறும். குறிப்பில் ஒரு மணி நேரம் என்று இருந்தால் முக்கால் மணியிலேயே எட்டிப் பார்க்க வேண்டும். எல்லாவற்றையும் இரண்டால் பெருக்கினேன், நேரம் மட்டும் பெருக்கலுக்கு அடங்கவில்லை.

அப்புறம், தமிழில் சொல் இல்லை என்று ஏன் இத்தனை கவலை? எண்ணெயிலோ ஆவியிலோ ஒரு தடவை போட்டு எடுப்பதை வீட்டில் என்ன சொல்வோம்? ஈடு. முதல் ஈடு, இரண்டாம் ஈடு. “இந்த ஈடு சரியா வேகலை.” மருந்துக்காரர் சொன்ன வரையறை முழுக்க அதில் இருக்கிறது.

#7 மொழிப்பூச்சி

ஐயோ, அக்கா! தினமும் காதில் விழுகிற சொல். சொற்பட்டியலை மட்டும் பார்த்துக்கொண்டிருந்ததில் நினைவுக்கே வரவில்லை.

இலக்கணமும் அழகாக உட்காருகிறது. இடு, ஈடு. படு, பாடு. கெடு, கேடு. சுடு, சூடு. முதல் எழுத்து நீண்டு வினை பெயராகிறது, முதனிலை திரிந்த தொழிற்பெயர். அங்கே சுடுவதில் இருந்து பேட்ச், இங்கே இடுவதில் இருந்து ஈடு. இரண்டு மொழியும் பண்டத்துக்குப் பெயர் வைக்கவில்லை, செயலுக்கு வைத்தன. பெயர் அப்புறம் பண்டத்தின் மேல் ஒட்டிக்கொண்டது.

தொகுதியில் உறுத்தியது இதுதான் என்று இப்போது புரிகிறது. தொகுப்பது என்றால் உண்டான பிறகு சேர்ப்பது. ஈடு என்றால் சேர்ந்தே உண்டாவது.

#8 ஏன்சாமி

கொண்டாட்டத்தைக் கெடுக்கிறேன், மன்னிக்கவும். கணினிக்குப் படங்களைக் காட்டிப் பழக்கும் இயந்திரக் கற்றலுக்கு வாருங்கள். ஐம்பதாயிரம் படங்களைக் குலுக்கி, 128, 128 ஆக எடுத்து, பழக வேண்டிய நிரலுக்கு, அதாவது மாடலுக்கு, ஊட்டுகிறார்கள். அதற்கும் பெயர் பேட்ச். அந்த 128 படமும் ஒன்றாக உண்டானவையா? ஒன்று பூனை, ஒன்று லாரி. ஒரு சுற்று முடிந்ததும் மறுபடி குலுக்கல், நேற்று பக்கத்தில் இருந்தது இன்று இருக்காது. ஒரே தன்மையும் இல்லை, ஒரே பிறப்பும் இல்லை. வெறும் கூட்டம். அதாவது தொகுதி.

#9 சரிவிறங்கி

நல்ல அடிதான். ஆனால் நாள் முழுக்க அதே 128 படங்களோடு மல்லுக்கட்டுபவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். ஒன்றாகப் பிறக்கவில்லை, சரி. ஒன்றாக வேகின்றன.

ஒவ்வொரு படத்துக்கும் மாடல் எவ்வளவு தவறியது என்று பார்த்து, அந்த 128 திருத்தங்களையும் சராசரியாக்கி, மாடலுக்குள் இருக்கும் எண்களை, அதாவது எடைகளை, ஒரே ஒரு முறை நகர்த்துகிறோம். பூனைக்குத் தனியாக ஒரு நகர்வு, லாரிக்குத் தனியாக ஒன்று என்று கிடையாது. அடுப்பை ஒரு தடவை திறந்து மூடுவது மாதிரி.

இன்னும் வேடிக்கை, 2015-ல் கூகுள் ஆய்வாளர்கள் இருவர் கொண்டுவந்த பேட்ச் நார்மலைசேஷன். மாடலின் ஒவ்வொரு அடுக்கிலும் வரும் எண்களை அந்த பேட்சின் சராசரியையும் பரவலையும் வைத்துச் சீராக்குவார்கள். பயிற்சி நேரத்தில் ஒரு பூனைப்படம் உள்ளே எப்படித் தெரிகிறது என்பது பக்கத்தில் எந்தப் படங்கள் உட்கார்ந்திருக்கின்றன என்பதையும் பொறுத்தது! பயன்பாட்டுக்கு வந்த பிறகு படங்கள் தனித்தனியாக வரும், பக்கத்து ஆள் இருக்கமாட்டார். அதனால் பயிற்சியின்போது ஓட்டமாகச் சேர்த்து வைத்த சராசரியை எடுத்துக்கொள்வார்கள். அந்த மாற்றத்தைச் செய்ய மறந்துவிட்டு ஒரே படத்துக்கு இரண்டு பதில் வருகிறதே என்று நான் ஒரு பகல் முழுக்க உட்கார்ந்திருக்கிறேன். பேட்ச் அளவு 1 என்று கொடுத்ததும் பதில் குப்பையானது. சராசரி எடுக்க வேறு யாருமே இல்லையே.

கடைசி பேட்ச் கதையும் உண்டு. 50,000-ஐ 128 ஆல் வகுத்தால் 390 முழு பேட்ச், மிச்சம் 80. அந்த 80-ஐ விடுவதா வைப்பதா என்று நிரலில் ஒரு விருப்பமே இருக்கிறது. கடைசி ஈட்டுக்கு மாவு பற்றாமல் போவது எல்லா அடுப்பிலும் நடக்கிறது.

#10 ஏன்சாமி

“ஒன்றாக வேகின்றன” என்பதை ஏற்கிறேன். பாதி.

#11 நள்ளிரவு ஷிப்ட்

இதைப் படித்ததும் என் முதல் பதிலையே மாற்ற வேண்டும்போல் இருக்கிறது. ‘நடுவில் ஆள் இல்லை’ என்பதைவிட ‘ஒன்றாக விழும்’ என்பது நெருக்கமாக இருக்கிறது.

நடந்ததைச் சொல்கிறேன். ராத்திரி நான்கு லட்சம் பதிவுகளை ஏற்றும் வேலை. இரண்டே கால் மணிக்கு நின்றுவிட்டது. திரையில் ஒரே வரி: தேதி செல்லாது. எங்கோ ஒரு பதிவில் பிப்ரவரி 31 என்று இருக்கிறது. மூன்று லட்சத்துக்கு மேல் சுத்தமாகப் போய்விட்டன, ஒன்று முரண்டு பிடிக்கிறது. பணியில் புதிதாக இருந்தவர் தேதியைத் திருத்திவிட்டு வேலையை முதலில் இருந்து ஓட்டிவிட்டார். ஏற்கெனவே ஏறிய மூன்று லட்சமும் இரண்டாம் முறை ஏறின. காலை ஏழு மணிக்கு எல்லோருடைய கணக்கும் இரட்டிப்பு.

அதற்குப் பிறகு வேலையை ஆயிரம் ஆயிரமாக உடைத்தோம். ஆயிரமும் தேறினால் மொத்தமாகப் பதிவு, ஒன்று தவறினாலும் அந்த ஆயிரம் மொத்தமும் பின்வாங்கும். எந்த ஆயிரம் வரை முடிந்தது என்று ஒரு குறிப்பு. மறுபடி ஓட்டினால் அங்கே இருந்துதான் தொடங்கும். முழு நான்கு லட்சத்தையும் நாங்கள் பேட்ச் என்றுதான் சொல்வோம், அந்த ஆயிரத்தையும் பேட்ச் என்றுதான் சொல்வோம். ஆனால் சேர்ந்து நிற்கிற, சேர்ந்து விழுகிற அலகு அந்த ஆயிரம்தான்.

#12 வெள்ளெலி

உயிரியல் ஆய்வகத்தில் பேட்ச் என்ற சொல்லைக் கேட்டாலே எங்களுக்கு வயிறு கலங்கும். உங்களுக்கெல்லாம் பேட்ச் வேண்டியது, எங்களுக்கு வேண்டாதது. அதன் பெயரே பேட்ச் விளைவு.

நோயாளிகளின் மாதிரிகளைத் திங்கட்கிழமையும் நோயில்லாதவர்களின் மாதிரிகளைச் செவ்வாய்க்கிழமையும் ஓட்டினால், வருகிற வித்தியாசம் நோயால் வந்ததா கிழமையால் வந்ததா? வேதிப்பொருளின் லாட், அறையின் சூடு, ஓட்டியவரின் கை எல்லாம் அன்றைய மாதிரிகள் அத்தனையின் மேலும் ஒரே மாதிரி ரேகை வைத்துவிட்டுப் போகும். மருந்துக்காரர் சொன்ன பழமொழியை எங்கள் கணக்கில் சொன்னால், இரண்டு அரிசியை ஒப்பிடுகிறேன் என்று இரண்டு பானையை ஒப்பிட்டுக்கொண்டிருப்போம்.

2014-ல் மனித, எலித் திசுக்களின் மரபணு வெளிப்பாட்டை (எந்த மரபணு எவ்வளவு வேலை செய்கிறது என்பதை) ஒப்பிட்ட ஒரு பெரிய ஆய்வு வந்தது. மனித இதயம் எலி இதயத்தைவிட மனித ஈரலுக்கு நெருக்கம் என்கிற மாதிரி, திசுவைவிட இனமே மேலோங்கி நிற்கிறது என்றது. எதிர்பாராத முடிவு. அடுத்த வருடம் யோவாவ் கிலாட், ஓர்னா மிஸ்ராஹி-மான் என்ற இரண்டு ஆய்வாளர்கள் மூலத் தரவுக் கோப்புகளைத் திறந்தார்கள். இயந்திரம் படித்த ஒவ்வொரு மரபணு வரிசைக்கும் மேலே அது தானாக எழுதும் தலைப்பு வரி உண்டு. எந்த இயந்திரம், எந்த ஓட்டம், எந்தத் தடம் என்று அதில் இருக்கும். அதை வைத்து எது எப்போது எங்கே ஓடியது என்று அட்டவணை போட்டார்கள். மனித மாதிரிகளும் எலி மாதிரிகளும் பெரும்பாலும் தனித்தனியாக ஓடியிருந்தன. பேட்ச் விளைவைக் கணக்கில் எடுத்துத் திருத்தியதும் இதயம் இதயத்தோடு, ஈரல் ஈரலோடு சேர்ந்தது. மூல ஆய்வாளர்கள் அதை மறுத்து வாதாடினார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் மாதிரிகளை எப்படிப் பிரித்து ஓட்டுவது என்று புதிதாக வருபவர்களுக்குச் சொல்லித்தர எங்கள் ஆய்வகத்தில் இதைத்தான் எடுப்போம்.

அதனால்தான் எங்கள் ஆய்வகத்தில் செல் வளர்க்கும் சீரத்தை வாங்கும் முன்பே மூன்று நான்கு லாட்டில் மாதிரி வரவழைத்து, செல்கள் எதில் நன்றாக வளர்கின்றன என்று பார்த்து, அந்த லாட்டை மொத்தமாக ஒதுக்கி வைத்துக்கொள்வோம். அது தீரும் நாள் வீட்டில் துக்கம் மாதிரி.

#13 சுவர்க்கோழி

நான் எந்த நிபுணனும் இல்லை. வீட்டுச் சுவருக்குப் பெயிண்ட் அடித்தவன். மூன்று டப்பா, ஒரே பெயர், ஒரே எண். பகலில் பார்த்தால் சுவர் அருமை. சாயங்காலம் சன்னல் வழியாக வெயில் சாய்ந்ததும் நடுச்சுவரில் மேலிருந்து கீழே ஒரு கோடு. இந்தப் பக்கம் ஒரு டப்பா, அந்தப் பக்கம் இன்னொன்று. மூடியைத் திருப்பிப் பார்த்தால் பேட்ச் எண் வேறு.

பெரியவர் ஒருவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: “முதலிலேயே மூன்றையும் பெரிய வாளியில் கொட்டிக் கலக்கியிருக்க வேண்டும்.” அப்போது எல்லாம் ஒரே தவறாக ஆகிவிடும், யாருக்கும் தெரியாது.

#14 வெள்ளெலி

@சுவர்க்கோழி, “எல்லாம் ஒரே தவறாக ஆகிவிடும்” என்பதை எங்கள் ஆய்வகச் சுவரில் எழுதி ஒட்டப் போகிறேன். நாங்கள் செய்வதும் அதேதான். மாதிரிகளைக் குலுக்கி, ஒவ்வொரு ஓட்டத்திலும் இரண்டு வகையும் இருக்கும்படி கலக்கிவிடுவோம். பானையை ஒழிக்க முடியாது, அது ஒரு பக்கம் மட்டும் சாயாமல் பார்த்துக்கொள்ளலாம்.

#15 அச்சுவார்ப்பு

இரும்பு உருக்குபவர்கள் ஒரு உலை உருக்கை ஹீட் என்றே சொல்வார்கள். ஒவ்வொரு ஹீட்டுக்கும் எண் உண்டு, சான்றிதழில் வேதிக்கலவை அந்த எண்ணுக்கு எதிரேதான் இருக்கும். சுடு–சூடு என்று மேலே பார்த்ததும் சிரிப்பு வந்தது. சூட்டுக்கு ஒரு எண்.

நான் வந்தது வேறு விஷயத்துக்கு. பேட்ச் எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்று இங்கே யாரும் பேசவில்லை. ஆலையில் அதுதான் தினசரிச் சண்டை. பொருளுக்கு வடிவம் கொடுக்கும் அச்சை மாற்ற நேரம் பிடிக்கிறது, அதனால் ஒரு தடவை மாட்டினால் நிறைய அடித்துத் தள்ளு என்பார் ஒருவர். அடித்ததை எங்கே வைப்பது என்பார் கிடங்குக்காரர். இந்த இரண்டுக்கும் நடுவே கணக்கு போட்டு 1913-லேயே ஃபோர்ட் ஹாரிஸ் என்பவர் ஒரு வாய்பாடு எழுதினார் (கார் ஃபோர்டு இல்லை, இவர் வேறு). அதில் ஒரு வர்க்கமூலம் இருக்கிறது. மாட்டும் செலவு நாலில் ஒரு பங்கானால், சரியான பேட்ச் அளவு பாதியாகும்.

ஐம்பது வருடத்துக்கு மேல் எல்லோரும் மாட்டும் நேரத்தைக் கடவுள் கொடுத்தது என்று எடுத்துக்கொண்டு பேட்ச் அளவை மட்டும் கணக்கிட்டார்கள். 1969-ல் டொயோட்டாவில் ஆயிரம் டன் அழுத்தி ஒன்றுக்கு அச்சு மாற்ற நான்கு மணி நேரம் ஆனது. ஷிகெயோ ஷிங்கோ என்ற பொறியாளர் உடன் இருந்து அதை ஒன்றரை மணிக்குக் கொண்டுவந்தார். போதாது, மூன்று நிமிடம் வேண்டும் என்றது நிர்வாகம். அதையும் செய்தார்கள். இயந்திரம் நின்றபிறகு செய்த வேலைகளில் பல, அது ஓடும்போதே செய்து வைக்கக்கூடியவை. அடுத்த அச்சைப் பக்கத்தில் கொண்டுவருவது, போல்ட்டைத் தேடுவது எல்லாம். 240 நிமிடம் 3 ஆனால் எண்பதில் ஒரு பங்கு. ஹாரிஸ் வாய்பாட்டில் போட்டால் பேட்ச் அளவு ஏறக்குறைய ஒன்பதில் ஒரு பங்காகச் சுருங்கும்.

#16 நள்ளிரவு ஷிப்ட்

@அச்சுவார்ப்பு, எங்கள் ஆயிரமும் இதே கதை. ஒவ்வொரு பதிவுக்கும் தனியாகத் தரவுத்தளத்துக்குப் போய்வந்தால் விடிந்துவிடும். நான்கு லட்சத்தையும் ஒரே மூட்டையாகக் கட்டினால், விழும்போது மொத்தமும் விழும். நடுவில் ஆயிரம். எப்படி ஆயிரம் என்று யாராவது கேட்டால் அனுபவம் என்பேன். உண்மையில் முதலில் எழுதியவர் அந்த எண்ணைப் போட்டிருந்தார்.

#17 ஏன்சாமி

கடைசி அம்பு. நிற்காமல் ஓடும் ஆலைக்கு என்ன சொல்வீர்கள்? ஒரு முனையில் தூள் கொட்டிக்கொண்டே இருக்கிறது, மறுமுனையில் மாத்திரை விழுந்துகொண்டே இருக்கிறது. பானை இல்லை, அடுப்புத் திறப்பதில்லை. ஈடு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது?

#18 கலவைக்கலம்

இது வெறும் கேள்வி இல்லை, எங்கள் தொழிலே இப்போது மல்லுக்கட்டுவது இதோடுதான். 2016-ல் ஏற்கெனவே பேட்ச் முறையில் தயாராகிவந்த ஒரு மருந்தைத் தொடர் உற்பத்திக்கு மாற்ற அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ முதல்முறையாக அனுமதி கொடுத்தது. ஓட்டத்துக்கு எல்லை கிடையாது. ஆனால் நாளைக்கு ஒரு குறை வந்தால் எதைத் திரும்ப வாங்குவது? அதனால் எல்லையை நாமே வரைய வேண்டும். 2022-ல் முடிவான, பல நாட்டு மருந்து விதிகளை ஒத்துப்போக வைக்கும் ஐசிஎச் அமைப்பின் க்யூ13 வழிகாட்டி சில வழிகளைச் சொல்கிறது: வெளியே வந்த அளவை வைத்து, உள்ளே போன அளவை வைத்து, அல்லது குறித்த வேகத்தில் இத்தனை மணி நேரம் ஓடியதை வைத்து.

அதாவது ஓடுகிற ஆற்றில் கோடு கிழித்து, இதுவரை ஒரு ஈடு என்கிறோம். நீங்கள் வென்றதாக நினைத்துக்கொள்ளலாம்.

ஆனால் கோடு கிழிக்காமல் ஒரு நாள்கூட ஓட்ட முடியவில்லை பாருங்கள்.

1995-ல் வந்த ஐஎஸ்ஏ-88 என்ற ஆலைக் கட்டுப்பாட்டுத் தரத்தில் பேட்சுக்கு இரண்டு பொருள் ஒன்றாகவே கொடுத்திருக்கிறார்கள். ஒன்று, ஒரு தடவை செயல்முறையை ஓட்டி உண்டாகும் பண்டம். இன்னொன்று, அந்த உற்பத்தி எந்தக் கட்டத்தில் இருந்தாலும் அதைக் குறிக்கும் ஒரு உருப்படி. கலத்துக்குள் இன்னும் ஒரு துளி போகாதபோதே கணினியில் பேட்ச் 1182 இருக்கிறது, எல்லாம் விற்றுத் தீர்ந்த பிறகும் இருக்கிறது. பூச்சிக்கு வந்த தலைவலியில் பாதி இதனால்தான். மென்பொருளில் அவர் பார்ப்பது இரண்டாவது.

#19 அடுப்புவாசல்

ஓடுகிற ஆறு என்றதும் நினைவு வந்தது. ரொட்டிக்கு நான் போடும் ஈஸ்ட்டே பாதி பேட்ச், பாதி ஓட்டம். சர்க்கரையை மொத்தமாகக் கொட்டினால் ஈஸ்ட் பெருகாமல் சாராயம் காய்ச்சத் தொடங்கிவிடும். அதனால் கலம் ஒன்றுதான், சர்க்கரைப்பாகு மட்டும் சிறுகச் சிறுக விட்டுக்கொண்டே இருப்பார்கள். பெயர் ஃபெட்-பேட்ச். ஊட்டி வளர்த்த ஈடு! பூச்சிக்கு இதற்கும் சொல் வேண்டியிருக்கும்.

#20 மொழிப்பூச்சி

எல்லோருக்கும் நன்றி. இன்று காலை அந்த வாக்கியத்தை மறுபடி எழுதினேன்:

“ஈடு 1182-இன் பரிசோதனை முடிவுகளை மொத்தமாக ஏற்ற, கீழுள்ள கட்டளைக் கோப்பை இயக்கவும்.”

ஒரு சொல் மூன்றாகப் பிரிந்தது. படித்தால் புரிகிறது. மேலாளருக்கு அனுப்பினேன்.

அரை மணியில் பதில் வந்தது. இரண்டு ஆட்சேபம். ஒன்று, இதே கையேட்டின் கடைசி அத்தியாயம் உத்தரவாதம் பற்றியது. அங்கே ‘இழப்பீடு’, ‘ஈடு செய்தல்’, ‘ஈடாக’ என்று பக்கம் முழுக்க இதே சொல். ஈடு 1182-க்கு ஈடாக ஈடு 1190 என்று ஒரு வரி வந்தே தீரும்.

இரண்டாவதற்கு என்னிடம் பதில் இல்லை. பெட்டியின் மேல் ஒட்டும் சீட்டில் பேட்ச் எண் என்றுதான் அச்சாகிறது. ராத்திரி ஷிப்டில் கையுறை போட்டுக்கொண்டு நிற்பவர் பெட்டியைப் பார்த்து, திரையைப் பார்த்து, இரண்டிலும் ஒரே சொல்லைத் தேடுவார்.

#21 கலவைக்கலம்

நானும் அவர் பக்கம்தான், தம்பி. சீட்டில் இருப்பதுதான் திரையிலும் இருக்க வேண்டும். எண்ணுக்குப் பக்கத்தில் ‘பேட்ச்’ என்றே வையுங்கள். விளக்கும் பத்திகளில் ஈடு வரட்டும்.

#22 ஏன்சாமி

உத்தரவாத அத்தியாயத்தில் மட்டும் தொகுதி என்று போடுங்கள். என் சொல்லுக்கும் ஒரு இடம் வேண்டாமா?

#23 மொழிப்பூச்சி

பேட்ச் எண்: அப்படியே. விளக்கத்தில்: ஈடு. லாட்: லாட். மொத்தமாக ஏற்றுதல், கட்டளைக் கோப்பு: மாற்றமில்லை. பாதுகாப்பு ஒட்டு: எங்கு வந்தாலும் ‘ஒட்டு’, ஒரு இடத்தில்கூட பேட்ச் கிடையாது.

@ஏன்சாமி, தேடிப் பார்த்ததில் உங்கள் சொல்லுக்கு ஒரு இடம் கிடைத்தது. ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத பெட்டிகளை ஒரே வண்டியில் ஏற்றி அனுப்பும் பகுதி, பக்கம் 164.